திரை வழி தெரபி: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், ஞாயிற்றுக்கிழமை ஓய்வை விட்டு வந்திருக்கும் பெற்றோருக்கும், வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர்களுக்கும், பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

வால்பாறையில் மாற்றுத்திறன் பிள்ளைகளின் பெற்றோரான நம் சங்கம் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை செய்த பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார். அதனால் தொகைகளுக்குள் நான் அதிகம் போகவில்லை.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை இல்லாத பிள்ளைகளை மருத்துவ முகாமுக்கு அழைத்துப் போனோம். கடுமையான குறைபாடு உள்ளவர்களுக்கான மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மனு எழுதிக் கொடுத்தோம். சிலருக்கு வந்துவிட்டது, சிலர் இன்னும் காத்திருக்கிறார்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா காப்பீட்டை விடாமல் புதுப்பிக்கச் சொல்லிக்கொண்டே இருந்தோம். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை உள்ள அந்தக் காப்பீட்டில் தெரபிச் செலவிலும் ஒரு பகுதியைத் திரும்பப் பெறலாம். தயவுசெய்து ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் நாளை இந்த ஆண்டும் பிள்ளைகளோடு கொண்டாடினோம்.

இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி ஒரே விஷயத்துக்குத்தான் போனது. பேச்சுப் பயிற்சியும், எழுதுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்குக் கையையும் உடம்பையும் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபியும் பள்ளிக்குள்ளேயே, ஆன்லைன் வழியாக, நம் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று முயன்றோம். அதில் எது நடந்தது, எது நடக்கவில்லை, இனி எப்படிப் போக வேண்டும் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டியது என் கடமை என்று நினைக்கிறேன்.

ஏன் இதில் இறங்கினோம்

ஆழியாறிலிருந்து மேலே வர 40 கொண்டை ஊசி வளைவுகள். பொள்ளாச்சிக்கு அறுபது கிலோமீட்டருக்கு மேல். மேலேயே தங்கி வேலை பார்க்கும் ஸ்பீச் தெரபிஸ்டோ ஆக்குபேஷனல் தெரபிஸ்டோ நம் பிள்ளைகளுக்கு வாய்க்கவில்லை. கீழே போவதென்றால் முதல் பஸ்ஸைப் பிடித்து, அரை மணி நேரப் பயிற்சியை முடித்துக்கொண்டு, இருட்டுவதற்குள் தேயிலை எஸ்டேட் லைன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அன்றைக்குக் கொழுந்துக் கூலி போச்சு. ஆட்டிசம் உள்ள பிள்ளை கூட்ட பஸ்ஸில் காதைப் பொத்திக்கொண்டு அலறும்போது மற்ற பயணிகள் பார்க்கிற பார்வையை இங்கிருக்கும் அம்மாக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. வளைவுகளில் வாந்தி எடுத்துத் துவண்டுபோன பிள்ளையால் தெரபி அறையில் என்ன செய்ய முடியும்? இப்படிப் போய்ப் போய், முடியாமல் நிறுத்திவிட்ட குடும்பங்கள்தான் நம்மிடம் அதிகம்.

பேச்சுப் பயிற்சி மாதம் ஒருமுறை போய் மாத்திரை வாங்கி வருகிற காரியம் அல்ல. வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை தெரபிஸ்டோடு உட்கார வேண்டும். மிச்ச நாட்களில் வீட்டிலும் வகுப்பிலும் அதையே தினமும் கொஞ்சம் கொஞ்சம் செய்ய வேண்டும். இடைவெளி விழுந்தால் பிள்ளை பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை என்று அதன் 31ஆம் பிரிவு சொல்கிறது. பிள்ளைகளுக்கும், அதிக உதவி தேவைப்படும் பிள்ளையின் துணைக்கு வருபவருக்கும், பள்ளிக்கு வந்துபோக வாகன வசதி தர வேண்டும் என்று 16ஆம் பிரிவில் இருக்கிறது. பள்ளியில் சேர்த்துக்கொண்டு ஒரு மூலையில் உட்கார வைப்பதைக் கல்வி என்று சொல்ல முடியாது. பேச முடியாத பிள்ளைக்குப் பேச்சுப் பயிற்சி இல்லாமல், பென்சில் பிடிக்க முடியாத பிள்ளைக்குக் கைப்பயிற்சி இல்லாமல் என்ன பாடம் நடத்திவிட முடியும்? இந்தக் கேள்வியோடுதான் தொடங்கினோம்.

ஆன்லைன் தெரபி பெருந்தொற்றில் பிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். மைசூரில் உள்ள அகில இந்திய பேச்சு மற்றும் கேட்பு நிறுவனம் அதற்கு முன்பிருந்தே தொலைவழிப் பயிற்சி அளித்து வருகிறது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது வேறு வழியே இல்லாமல் எல்லோரும் போனைக் கையில் எடுத்தோம். அப்புறம் பள்ளி திறந்ததும் போனைக் கீழே வைத்துவிட்டோம். நகரத்தில் இருப்பவர்களுக்கு அது சரி. அவர்கள் மையத்துக்குத் திரும்பப் போய்விட்டார்கள். நமக்குத் திரும்பிப் போக மையமே இல்லை.

பள்ளி அறையில் நடந்தது

வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியர்களோடும் தலைமையாசிரியர்களோடும் பேசி, சம்மதித்த பள்ளிகளில் மட்டும் தொடங்கினோம். நமக்குத் தெரிந்தவர்கள் மூலம், சமவெளியில் இருக்கும் சில தெரபிஸ்டுகள் குறைந்த கட்டணத்தில் வர ஒப்புக்கொண்டார்கள். நேரத்தை மதியத்துக்கு முன்பே முடிகிற மாதிரி வைத்தோம். சாயங்காலம் சிறுத்தை நடமாட்டம் இருக்கும் எஸ்டேட் டிவிஷன்களுக்குப் பிள்ளைகள் கூட்டமாகத்தான் திரும்ப வேண்டும். யாரையும் தனியாக நிறுத்தி வைக்க முடியாது.

முதல் எதிரி தகரக் கூரை. ஜூன், ஜூலையில் நம் ஊர் மழை அதன்மேல் இறங்கும்போது பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது, திரையில் இருப்பவர் பேசுவது எப்படிக் கேட்கும்? கான்கிரீட் தளம் போட்ட அறையாகப் பார்த்து மாற்றினோம். மின்சாரம் போனால் இணைய இணைப்பும் போய்விடும் என்பதால் சிறிய யுபிஎஸ் ஒன்று வாங்கினோம். உயர்தொழில்நுட்ப ஆய்வகம் வந்திருக்கும் நடுநிலைப் பள்ளியில் கணினியும் இணைப்பும் கைக்குக் கிடைத்தன. அது இல்லாத இடங்களில் ஆசிரியரின் போனோ அம்மாவின் போனோதான். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் ரீசார்ஜ் கட்டணத்தை ஏற்றிய பிறகு, தினக்கூலிக் குடும்பத்தின் டேட்டாவில் பிள்ளையின் தெரபியை நடத்தச் சொல்வது நியாயமில்லை என்று செயற்குழு முடிவு செய்து, அந்தச் செலவைச் சங்கமே ஏற்றது.

நடைமுறையில் கற்றுக்கொண்ட சின்ன விஷயங்களை இங்கே பதிவு செய்கிறேன், வேறு ஊர்களில் தொடங்குபவர்களுக்கு உதவும். பிள்ளை ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் முகம் இருட்டாகிவிடும், தெரபிஸ்டுக்கு நாக்கும் உதடும் தெரியாது. வெளிச்சம் முகத்துக்கு நேரே விழ வேண்டும். கேமரா பிள்ளையின் வாய் உயரத்தில் இருக்க வேண்டும். வீடியோ செயலிகள் பின்னணி இரைச்சலை அடக்கும்போது ச, ஸ போன்ற மெல்லிய ஒலிகளையும் சேர்த்து அடக்கிவிடும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்ற அமைப்பை இயக்கிவிட்டு, மைக் உள்ள ஹெட்செட் போட்டால் பெரிய வித்தியாசம் தெரியும். அழைப்பு துண்டித்துப் போனால் என்ன செய்வது என்று முன்பே பேசி வையுங்கள். எங்கள் ஏற்பாடு, உடனே சாதாரண போன் அழைப்புக்கு மாறி, பக்கத்தில் இருப்பவர் பயிற்சியைத் தொடர்வது.

இப்போது பிள்ளைகளைப் பற்றி. பெயர், பள்ளி, டிவிஷன் எதையும் சொல்லப்போவதில்லை.

இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் க வரும் இடமெல்லாம் த என்பான். காக்கா அவனுக்குத் தாத்தா. வகுப்பில் சிரிப்பார்கள் என்பதால் வாயே திறப்பதில்லை. நாக்கின் பின்பக்கம் எழும்ப வேண்டிய இடத்தில் நுனி எழும்புகிறது என்று தெரபிஸ்ட் திரையிலேயே பார்த்துச் சொன்னார். தண்ணீரைத் தொண்டையில் நிறுத்திக் கொப்பளிக்க வைத்து, பின்நாக்கு எங்கே தொடுகிறது என்று அவனுக்கே உணர்த்தினார். அப்புறம் சுத்தமான ஸ்பூன் காம்பால் நாக்கு நுனியை மெதுவாகக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு க சொல்லச் சொன்னார். அழுத்திப் பிடித்தது யார்? பக்கத்தில் உட்கார்ந்திருந்த சிறப்பாசிரியர். தெரபிஸ்டின் கை அங்கே இல்லை. அவருடைய கண்ணும் அறிவும் இருந்தன, கை நம்முடையது. இந்த ஒன்றைத்தான் ஆண்டு முழுக்க நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பக்கத்தில் பயிற்சி பெற்ற ஒரு பெரியவர் இருந்த இடத்தில் எல்லாம் பிள்ளை முன்னேறியது. பிள்ளையைத் திரை முன்னால் உட்கார வைத்துவிட்டு ஆசிரியர் அடுத்த வகுப்புக்குப் போய்விட்ட இடத்தில் ஒன்றுமே நடக்கவில்லை.

எழுதினால் கை வலிக்கிறது என்று அழும் ஒரு மாணவிக்கு ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் முதலில் கேட்டது, கேமராவைப் பின்னால் தள்ளி முழு உடம்பையும் காட்டுங்கள் என்று. பார்த்தால், கால் தரையில் படாமல் தொங்குகிறது. உடம்பை நிலையாக வைக்கவே அவள் பலமெல்லாம் போகிறது, விரலுக்கு என்ன மிஞ்சும்? காலுக்கடியில் பழைய தேயிலைப் பெட்டி ஒன்றைப் போட்டோம். நீளப் பென்சிலுக்குப் பதில் துண்டுப் பென்சில் கொடுத்தோம். துண்டாக இருந்தால் விரல் நுனியால்தான் பிடித்தாக வேண்டும். செலவு ஒன்றுமில்லை. ஆனால் பார்க்கத் தெரிந்த கண் ஒன்று தேவைப்பட்டது, அது நூறு கிலோமீட்டர் தள்ளியிருந்து வந்தது.

பேச்சு வராத, மூளை முடக்குவாதம் உள்ள ஒரு சிறுமி படங்களைத் தொட்டுப் பேசப் பழகிவருகிறாள். சென்னையில் உருவான அவாஸ் செயலியைத் தெரபிஸ்ட் அறிமுகப்படுத்தினார். அதில் தமிழும் உண்டு. படத்தைக் காட்டிப் பழகினால் பேச்சே வராமல் போய்விடுமோ என்று வீட்டில் பயந்தார்கள். அது நியாயமான பயம். ஆனால் படங்கள் பேச்சைத் தடுப்பதில்லை, பல பிள்ளைகளுக்குப் பேச்சுக்கு உதவவே செய்கின்றன என்று தெரபிஸ்ட் பொறுமையாக எடுத்துச் சொன்னார். டேப்லெட்டில் சார்ஜ் இல்லாத நேரத்துக்காக அதே படங்களை அச்சிட்டு அட்டையில் ஒட்டி நாற்காலியில் கட்டியிருக்கிறோம். தொடக்கத்தில் ஆப்பிள், பனிப்பொழிவு என்று யாருக்கோ எடுத்த படங்கள் இருந்தன. இப்போது அவள் வீட்டு டீ டம்ளர், பாட்டி, எஸ்டேட் கிரச், பஸ், மழை எல்லாம் நாமே எடுத்த புகைப்படங்கள். வலிக்கிறது, வேண்டாம் என்ற இரண்டு படங்களையும் முதல் வரிசையில் வைக்கச் சொன்னார் தெரபிஸ்ட். ஒரு பிள்ளை வேண்டாம் என்று சொல்ல முடிவது எவ்வளவு பெரிய விஷயம்!

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குள் காக்ளியர் இம்ப்ளான்ட் என்ற, உள்காதில் கேட்புக் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சை நடந்த பிள்ளைகளும் நம்மிடம் உண்டு. அறுவை சிகிச்சை முடிந்ததும் காது கேட்டுவிடும், பேச்சு தானாக வந்துவிடும் என்று உறவினர்கள் எதிர்பார்க்கிறார்கள். உண்மையில் அதன் பிறகுதான் வேலையே ஆரம்பம். கேட்கும் ஒலிக்கு அர்த்தம் புரிய மாதக்கணக்கில், வருடக்கணக்கில் கேட்புப் பயிற்சி வேண்டும். இதில் ஆன்லைன் நன்றாகவே கைகொடுக்கிறது, ஏனென்றால் இந்தப் பயிற்சியில் தெரபிஸ்ட் அம்மாவுக்குச் சொல்லித் தருகிறார், பிள்ளைக்குச் சொல்லித் தருவது அம்மா. கருவியின் அளவுகளைச் சரிசெய்வதற்கு மட்டும் கீழே மருத்துவமனைக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று. ஜார்க்கண்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை ஒன்றுக்குத் தமிழும் வரவில்லை, வீட்டு மொழியிலும் பேச்சு குறைவு. புது மொழி என்பதால் பேசவில்லையா, பேச்சிலேயே தாமதமா என்று பிரித்தறிய இங்கே யாராலும் முடியவில்லை. இந்தி தெரிந்த தெரபிஸ்ட் ஒருவர் திரையில் வந்து அம்மாவிடம் அரை மணி நேரம் பேசிய பிறகு விஷயம் தெளிவானது. மலைக்கு மேல் இப்படி ஒருவரை நேரில் கொண்டுவந்திருக்கவே முடியாது.

திரைக்கு அடங்காதவை

எல்லாப் பிள்ளைக்கும் இது பொருந்தும் என்று நம் சங்கம் ஒருபோதும் சொல்லாது. மூளை முடக்குவாதத்தில் தசை எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதைக் கையால் தொட்டுத்தான் அறிய முடியும். இடுப்பு மூட்டு மெல்ல விலகுகிறதா என்று தெரிய நேரடிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் வேண்டும். இயன்முறை மருத்துவர் வரும் நாளை எந்தத் திரையும் ஈடுசெய்யாது. முதல்முறை செவித்திறன் சோதனை, காதுக் கருவிக்கு அச்சு எடுப்பது, இவையும் நேரில்தான்.

சாப்பிடும்போது இருமிப் புரையேறும் பிள்ளை ஒருவனைத் திரையில் பார்த்த தெரபிஸ்ட், உணவு ஊட்டும் பயிற்சியைத் தொடங்க மறுத்துவிட்டார். உணவு மூச்சுக்குழாய்க்குள் போனால் நுரையீரலில் நிமோனியா வரும், இதை மருத்துவமனையில் பார்க்காமல் நான் எதையும் சொல்லக் கூடாது என்றார். அந்தக் குடும்பத்தைக் கோவைக்கு அனுப்பி வைத்தோம். முடியாது என்று சொல்லத் தெரிந்த தெரபிஸ்டைத்தான் நம்ப வேண்டும் என்று அன்றைக்கே எனக்குத் தோன்றியது.

ஆட்டிசம் உள்ள சில பிள்ளைகள் திரையைப் பார்த்ததும் ஓடிவிடுவார்கள், அல்லது யூடியூப் போடு என்று அடம்பிடிப்பார்கள். அவர்களை வலுக்கட்டாயமாக உட்கார வைப்பதை நிறுத்தினோம். பிள்ளை தரையில் விளையாடட்டும், போன் ஒரு மூலையில் இருக்கட்டும், அம்மா காதில் இயர்போன் போட்டுக்கொண்டு பிள்ளையோடு விளையாடட்டும். தெரபிஸ்ட் அம்மாவின் காதில் மட்டும் பேசுவார்: இப்போது காத்திருங்கள், அவன் கண்ணைப் பார்த்ததும் கொடுங்கள், இன்னும் ஐந்து விநாடி பொறுங்கள். இது நன்றாக வேலை செய்தது. வேலைக்குப் போகும் அம்மாக்களால் எல்லா வாரமும் வர முடியவில்லை என்பதுதான் குறை. எஸ்டேட் நிர்வாகங்களிடம் இந்த நேரத்துக்கு மட்டும் அனுமதி கேட்டிருக்கிறோம். ஒரு சில டிவிஷன்களில் மேற்பார்வையாளர்கள் மனமுவந்து விட்டார்கள், அவர்களுக்கு நம் நன்றி.

பக்கத்தில் உட்காருபவர்

தென்காசி மாவட்டம் ஆய்க்குடியில், 1981இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம் இந்த வழியில் நமக்கு முன்னோடி. கிராமத்துப் பெண்களுக்கே மறுவாழ்வுப் பணியில் பயிற்சி கொடுத்து, அவர்கள் கையில் செயலியைக் கொடுத்து, பின்னால் நிபுணர்கள் இருந்து வழிகாட்டும் முறையை அவர்கள் வளர்த்திருக்கிறார்கள். நிபுணரால் எல்லா வீட்டுக்கும் போக முடியாது, ஆனால் வீட்டுக்குப் போகிறவருக்கு நிபுணர் துணை நிற்கலாம்.

அதே வழியில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வீட்டில் இருக்கும் நம் எஸ்டேட் பெண்கள் சிலருக்குச் சிறப்பாசிரியர்களின் உதவியோடு அடிப்படைப் பயிற்சி கொடுத்தோம். தெரபிஸ்ட் சொல்வதைச் செய்துகாட்டுவது, பிள்ளை என்ன செய்தது என்று நோட்டில் எழுதுவது, வீட்டில் செய்ய வேண்டியதை அம்மாவுக்குச் சொல்லிக் கொடுப்பது, இவ்வளவுதான் வேலை. கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஆனால் ஒரு தெரபி வெற்றி பெறுவதும் வீணாவதும் இங்கேதான். இவர்களுக்கு நன்கொடையிலிருந்து மதிப்பூதியம் தருகிறோம். அது போதாது என்று எனக்குத் தெரியும். சேவை மனப்பான்மை என்று சொல்லி ஏழைப் பெண்களின் உழைப்பை இலவசமாக வாங்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். செயற்குழுவும் அப்படியே நினைக்கிறது.

பெற்றோர் கவனத்துக்கு

இந்த ஆண்டு ஒரு தனியார் ஆன்லைன் நிறுவனத்தின் ஆட்கள் போன் வழியாகப் பெற்றோரைத் தொடர்புகொண்டார்கள். ஆறு மாதத்தில் பிள்ளை சரளமாகப் பேசும் என்று உறுதி சொல்லி, மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கேட்டார்கள். ஒரு குடும்பம் நகையை அடகு வைத்துக் கட்டியது. தெரபிஸ்ட் என்று வந்தவரின் பதிவு எண்ணை நாம் கேட்டோம். பதில் வரவில்லை, வகுப்பும் நின்றுபோனது. பணம் திரும்ப வரவில்லை. நுகர்வோர் ஆணையத்தில் புகார் தர அந்தக் குடும்பத்துக்கு உதவி வருகிறோம்.

இந்திய மறுவாழ்வுக் கழகச் சட்டம் 1992இல் வந்தது. பேச்சு கேட்பு நிபுணர், சிறப்பாசிரியர், மருத்துவ உளவியலாளர் போன்றவர்கள் மத்திய மறுவாழ்வுப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். பதியாமல் தொழில் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. எண்ணைக் கேட்பது அவமரியாதை ஆகாது. நல்ல தெரபிஸ்டுகள் கேட்காமலே சொல்கிறார்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்டுக்கும் இயன்முறை மருத்துவருக்கும் இந்தப் பதிவேடு கிடையாது, அவர்களுக்கு 2021இல் தனிச் சட்டம் வந்திருக்கிறது. அவர்களிடம் பட்டச் சான்றிதழைக் கேட்டுப் பாருங்கள். இத்தனை மாதத்தில் குணமாகும் என்று யார் உறுதி சொன்னாலும் பணம் கட்டாதீர்கள்.

வீடியோ பற்றியும் சொல்ல வேண்டும். பயிற்சி நேரத்தில் அறையில் பொறுப்பான பெரியவர் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும். பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் எதையும் பதிவு செய்யக் கூடாது. 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைக் கட்டாயமாக்குகிறது. சட்டத்தை விடுங்கள், நம் பிள்ளை அழுது புரளும் வீடியோவை நாமே வாட்ஸ்அப் குழுவில் போடலாமா? அது அந்தப் பிள்ளையின் மானம். பதிவு செய்ய வேண்டிய தேவை வந்தால் தெரபிஸ்டுக்கு மட்டும் அனுப்பிவிட்டு அழித்துவிடுங்கள்.

அரசிடம் நாம் கேட்பது

சிறப்பாசிரியர்களும் இயன்முறை மருத்துவர்களும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கிறார்கள். 2024–25க்கு மத்திய அரசு தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாய், தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கச் சொல்லும் பிஎம் ஸ்ரீ பள்ளிகள் ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடாததால் நிறுத்தி வைக்கப்பட்டது நாம் எல்லோரும் அறிந்தது. மும்மொழியா இருமொழியா என்ற வாதத்தில் நம் உறுப்பினர்களுக்குள் வெவ்வேறு கருத்துகள் இருக்கலாம். ஆனால் இந்தத் திட்டத்தின் பணத்தில்தான் மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 3,500 ரூபாய் வரை செலவிட வழி இருக்கிறது, மாற்றுத்திறன் மாணவிகளுக்கு மாதம் 200 ரூபாய் வீதம் பத்து மாதம் உதவித்தொகையும் அதில்தான் வருகிறது. பெரியவர்களின் சண்டையில் பேச முடியாத பிள்ளையின் பயிற்சி நிற்கக் கூடாது. இரண்டு அரசுகளுக்கும் இதை மனுவாக எழுதி அனுப்பியிருக்கிறோம்.

எனக்கு இதைவிடக் கவலை தருவது இன்னொன்று. ஆன்லைன் நன்றாக நடக்கிறது என்று நாம் சொல்லச் சொல்ல, அப்படியானால் மலைக்கு ஆள் போட வேண்டியதில்லை என்று யாராவது முடிவெடுத்துவிடக் கூடாது. மலையில் வேலைக்கு வர ஆட்கள் தயங்குவது உண்மை. தங்குமிடம், மலைப்படி, நிரந்தர வேலை கொடுத்தால் வருவார்கள். உலக வங்கி உதவியோடு மாற்றுத்திறனாளிகளுக்காக நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தில் விழுதுகள் என்ற பெயரில் சேவை மையங்கள் திறக்கப்பட்டு வருகின்றன. மக்கள் தொகையை மட்டும் எண்ணிப் பார்த்தால் வால்பாறைக்கு முன்னுரிமை வராது, தூரத்தையும் வளைவுகளையும் சேர்த்து எண்ணுங்கள் என்று கேட்டிருக்கிறோம். நேரில் வரும் தெரபிஸ்ட் மாதம் சில நாளாவது பிள்ளையைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இடைப்பட்ட வாரங்களைத் திரை நிரப்பட்டும். இந்த வரிசையை மாற்றிப்போட நாம் சம்மதிக்கக் கூடாது.

நன்றியும் தீர்மானங்களும்

மதிய உணவு இடைவேளையைக்கூட விட்டுக்கொடுத்த சிறப்பாசிரியர்களுக்கும், அறை தந்த தலைமையாசிரியர்களுக்கும், கூப்பிட்ட நேரத்துக்கெல்லாம் இணைப்பைச் சரிசெய்து தந்த இளைஞர்களுக்கும், குறைந்த கட்டணத்தில் வந்த தெரபிஸ்டுகளுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி. தெரபி அறைக்கு வெளியே தங்கை தம்பிகளைப் பார்த்துக்கொண்ட பாட்டிமாருக்கும் தனியாக நன்றி சொல்ல விரும்புகிறேன்.

செயற்குழு மூன்று தீர்மானங்களைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறது. உள்ளூர் உதவியாளர்களின் மதிப்பூதியத்தை வரும் ஆண்டில் உயர்த்துவது, அதற்காக ஆண்டுச் சந்தாவை உயர்த்தாமல் வெளி நன்கொடை திரட்டுவது. பயிற்சி பெற்ற பெரியவர் பக்கத்தில் இல்லாத எந்தப் பள்ளியிலும் ஆன்லைன் தெரபியைப் புதிதாகத் தொடங்காமல் இருப்பது. நேரடி ஸ்பீச் தெரபிஸ்ட், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பணியிடங்களை நம் வட்டாரத்துக்கு உருவாக்கித் தரக் கோரி மாவட்ட ஆட்சியரை நேரில் சந்திப்பது. இந்தச் சந்திப்புக்கு வர விரும்பும் பெற்றோர் இன்றைக்கே பெயர் கொடுங்கள்.

மழைக்காலம் தொடங்கிவிட்டது. மைக்கோடு கூடிய ஹெட்செட், நல்ல நிலையில் உள்ள பழைய டேப்லெட் வைத்திருப்பவர்கள் இணைச்செயலாளரிடம் கொடுத்தால் அடுத்த வாரமே பயன்படும். சந்தா பாக்கி உள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பொருளாளரைப் பார்க்கவும்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்
வால்பாறை